அரங்கு வாசலில் நின்ற அலமாரி

வண்டு பிடித்த மாவுக்கு ஒரு நெடி உண்டு. புளித்த நெடியும் அல்ல, பூஞ்சை படர்ந்த நெடியும் அல்ல. மூக்கின் உள்ளோரத்தில் லேசாக எரிந்து, தொண்டைக்குள் கசப்பாக இறங்குகிற ஒரு நெடி. எனக்குப் பதினோரு வயது நடந்த ஆண்டில், ஆனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும்வரை, தென்காசியில் எங்கள் வீடு முழுவதும் அந்த நெடிதான். தலையணையில் இருந்தது, மடித்து வைத்த பாவாடையில் இருந்தது, கோமதி அக்காவின் பின்னலில் இருந்தது, மூடி வைத்த தண்ணீரில்கூட இருந்தது. வெளியே மலையிலிருந்து சாரல் இறங்கித் தெருவெல்லாம் ஈரமண் வாசனையில் ஊறிக் கிடக்க, நாங்கள் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

அது யுத்த காலம். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், ஊர் முழுக்க ரேஷன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த நாட்கள். நிலம் வைத்திருப்பவர்கள், விளைந்த நெல்லில் வீட்டுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று சர்க்கார் சொல்லுகிற அளவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்கு இலஞ்சிப் பக்கம் நஞ்சை இருந்தது. அக்காவுக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை பேசி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அப்பாவின் பயமெல்லாம் அந்தக் கல்யாணத்தைப் பற்றித்தான். "சம்பந்தக்காரன் இலையில கோதுமைக் கஞ்சியா ஊத்துவேன்? பந்தியில சோறு போட வக்கில்லாதவன்னு பேரெடுக்கதுக்கு நான் செத்துப் போகலாம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பதுக்கல்காரன் என்ற சொல்லை இப்போது நினைத்தால் கொழுத்த வியாபாரி ஒருவன் மனதில் வருகிறான். என் அப்பா ஒல்லியான, எதற்கும் கலங்குகிற மனிதர். சிரிக்கும்போதுகூடக் கையால் வாயை மறைத்துக்கொள்வார்.

பங்குனியில் பிசானப் பருவத்து அறுவடை முடிந்ததும், களத்திலேயே ஒரு பகுதி நெல்லைத் தனியே ஒதுக்கி, அங்கேயே அவித்துக் குத்தி அரிசியாக்கி, எள் மூட்டை என்று சொல்லி வண்டியில் கொண்டுவந்தார். கொஞ்சம் பச்சரிசியும் வந்தது. சாரல் தொடங்கிவிட்டால் மாவு காயாது என்பதால், சித்திரை வெயிலிலேயே அம்மா அந்தப் பச்சரிசியை இடித்து, சலித்து, வறுத்து, கல்யாணப் பலகாரத்துக்கென்று பானைகளிலும் மண்ணெண்ணெய்த் தகரங்களிலும் நிரப்பித் துணியால் வாய் கட்டினாள். எல்லாம் அரங்குக்குள் போயிற்று. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுக்களையை ஒட்டி ஜன்னலே இல்லாத ஓர் உள்ளறை இருக்கும். அதைத்தான் "அரங்கு" என்போம். நகை, பாத்திரம், தானியம் எல்லாம் அங்கே இருக்கும். அதன் ஒற்றைக் கதவைப் பூட்டி, அப்பாவும் அம்மாவுமாகச் சேர்ந்து, அடுக்களைச் சுவரில் இருந்த கனத்த தேக்கு அலமாரியை நகர்த்திக்கொண்டுவந்து அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பார்ப்பவர்களுக்கு அங்கே ஓர் அலமாரி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வாசல் இருக்கிறது என்று தெரியாது.

கதவைப் பூட்டுவதற்கு முன், போன வருஷத்து அரிசி மூட்டை ஒன்று மிச்சம் இருந்ததையும் அப்பா உள்ளே தள்ளியிருந்தார். "பழசையும் புதுசையும் ஒண்ணா வைக்காதீய" என்று அம்மா சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

அலமாரியை நிறுத்திய மறுநாள் என் பள்ளிக்கூடம் நின்றது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். என் பெயர் உலகம்மை. தெருவில் எல்லோருக்கும் "உலகு". வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். காலையில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது மத்தியானத்துக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். அப்பா என்னைக் கூப்பிட்டுத் திட்டவெல்லாம் இல்லை. அம்மாவிடம்தான் சொன்னார்: "இவ வாய்க்குப் பூட்டுப் போட முடியாது. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் வீட்டோட கெடக்கட்டும்." நாலு மாதம்தானே என்று அம்மாவும் பேசாமல் இருந்துவிட்டாள்.

வீடு அடைபட்டது. தெருக்கதவு எந்நேரமும் தாழிட்டிருந்தது. வருஷாவருஷம் சீசனுக்குக் குற்றால அருவியில் குளிக்க ராயகிரியிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்து பதினைந்து நாள் தங்கும். வண்டி கட்டிக்கொண்டு எல்லோருமாகப் போய், ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு திரும்புவோம். அந்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அப்பா அவர்களுக்குக் கார்டு எழுதிப் போட்டார். நாங்களும் எங்கும் போகக் கூடாது. வீட்டில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும். பின்புற ஜன்னல் கம்பி வழியாக மலை உச்சியில் மேகம் இறங்குவதையும், அருவி வெள்ளைக்கோடாகக் கனப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் குளித்துவிட்டு வருகிறவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது அக்கா எழுந்து போய் அந்த ஜன்னலையும் சாத்திவிடுவாள்.

எங்களோடு தெருவில் ஒட்டிய வீடு சண்முகத்தாய் அக்காவுடையது. ஒரே சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். அவள் புருஷன் சுடலைமுத்து பட்டாளத்தில் சேர்ந்து எங்கேயோ வடக்கே இருந்தார். நாலு வயதில் வள்ளி என்று ஒரு பெண் குழந்தை. சண்முகத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் அவருக்குக் கடிதம் எழுதுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் "பக்கத்து வீட்டு மதினி தாய் மாதிரி கவனிச்சுக்கிடுதாங்க, ஒண்ணும் கவலைப்படாதீக" என்று எழுதச் சொல்வாள். அதில் பொய் இல்லை. அதுவரைக்கும் அம்மா அப்படித்தான் இருந்தாள். கதவு அடைபட்ட பிறகு சண்முகத்தாய் ஒருநாள் கையில் தபால் காகிதத்தோடு வந்தாள். "உலகுக்குக் காய்ச்சல்" என்று அம்மா கதவிடுக்கில் நின்று சொல்லி அனுப்பிவிட்டாள். நான் உள்ளே நல்ல உடம்போடு உட்கார்ந்திருந்தேன். காகிதம் அவள் கையில் சாரல் பட்டு வளைந்திருந்ததை இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

முதல் வண்டு ஆனி பிறந்த அன்று கொத்தமல்லி டப்பாவில் இருந்தது. எள்ளளவு இருக்கும், செம்பழுப்பு நிறம். அம்மா அதை நகத்தால் தள்ளிவிட்டு டப்பாவை மூடினாள். மறுநாள் உளுந்தில் நாலைந்து. அதற்கடுத்த நாள் அலமாரியின் பின்பலகை இடுக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது: அவை வெளியிலிருந்து உள்ளே வரவில்லை, உள்ளேயிருந்து வெளியே வருகின்றன.

அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். டப்பாக்களில் வசம்புத் துண்டு போட்டாள், காய்ந்த மிளகாய் போட்டாள், தட்டுகளில் வேப்பிலை பரப்பினாள். அலமாரிக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். அது எறும்புக்கு உதவும். அலமாரிக்குப் பின்னாலிருந்தே வருகிறதை அது என்ன செய்யும்? கிண்ணத்தில் விழுந்து மிதந்தவைபோக மற்றவை சுவரேறின. பிறகு அந்துப்பூச்சி வந்தது. சாம்பல் நிறத்தில், அடுப்பு வெளிச்சத்தில் தள்ளாடிப் பறந்து சாம்பாரில் விழும். சர்க்கார் விட்டுவைத்த நெல் அநேகமாகத் தீர்ந்துபோய், ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கொடுத்த கோதுமை மாவு ஒரு தகரத்தில் இருந்தது. அதை என்ன செய்து தின்பது என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது, களி மாதிரி கிண்டி விழுங்குவோம். அந்த மாவில் வண்டு புகுந்து அது இளஞ்சிவப்பாக மாறிப்போயிற்று. அம்மாவும் நானும் தினமும் அதைச் சலிப்போம். சல்லடையில் மாவு இறங்கிய பிறகு மேலே தங்குவது முழுக்க நெளியும்.

என் வேலை விடிந்ததும் தொடங்கும். வாரியலால் அடுக்களைச் சுவரையும் தரையையும் கூட்டி, வண்டுகளைச் சுளகில் அள்ளி, அம்மா வைத்திருக்கும் கொதிநீரில் கொட்ட வேண்டும். மறுபடி மத்தியானம், மறுபடி விளக்கு வைக்கும் முன்பு. கூட்டி முடித்துத் திரும்பினால் முதலில் கூட்டிய இடத்தில் நாலு ஊர்ந்துகொண்டிருக்கும். அலமாரிப் பலகையில் காதை வைத்தால் உள்ளே அரிசி அரைபடுகிற மெல்லிய சத்தம் கேட்கும். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்பேன். அக்கா சாப்பிட உட்காரும்போது தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பாதியில் எழுந்துவிடுவாள். ஒருநாள் தலை வாரும்போது சீப்பில் ஒன்று வந்தது. "மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைய வந்து என் தலையத் தொட்டுப் பாத்தா என்னட்டி செய்ய?" என்று சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது.

அம்மா அப்பாவிடம் கேட்டாள். "ஒரே ஒரு நாள் தொறந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காய வச்சிருவோம். இல்லேன்னா ஆவணிக்கு உள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"எங்கன காய வைப்ப? முத்தத்துலயா? மொட்டை மாடியிலயா? நாலு வீட்டுச் சன்னலு பாத்துக்கிட்டு இருக்கு. வெயிலு எங்க இருக்கு முதல்ல?"

அதுவும் உண்மைதான். பத்து நாளாகச் சூரியனைக் கண்ணில் பார்க்கவில்லை. தாலுகா ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள் என்று வேறு செய்தி வந்திருந்தது. "ஆவணி வரைக்கும் பொறு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் அடுக்களைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். சாப்பாட்டை முன்கூடத்துக்குக் கொண்டுபோய் வைப்போம். தட்டில் பூச்சி கிடந்தால் விரலால் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிடுவார்.

ஆடி பிறந்து சில நாட்களில், ஒரு முற்பகல், சண்முகத்தாய் புறவாசல் வழியாக வந்தாள். தெருக்கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் சுற்றி வந்திருக்கிறாள். தாழ் போட மறந்திருந்தோம். தலையில் முக்காடாகப் போட்ட சேலை நனைந்து ஒட்டியிருந்தது. நானும் அம்மாவும் அடுக்களையில் சலித்துக்கொண்டிருந்தோம். எழுந்து அவளை நிறுத்துவதற்குள் அவள் அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மதினி, வள்ளிக்கு அஞ்சு நாளா வயித்தால போகுது. வைத்தியரு பழைய அரிசியில கஞ்சி வச்சுக் குடுக்கச் சொல்லுதாரு. ரேஷன் கடையில இந்தத் தடவையும் கோதுமைதான். ஏழிலைக்கிழங்கு குடுத்தா பிள்ளை தாங்காது. ரெண்டு கையரிசி இருந்தாப் போதும் மதினி."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தாள். "எங்களுக்கும் இதே மாவுதான் தாயி. அரிசி ஏது?" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சண்முகத்தாய் நின்றாள். அம்மாவின் தோளில், சேலை மடிப்பில், ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் கை நீட்டி அதை இரண்டு விரலால் எடுத்தாள். பார்த்தாள். அப்புறம் அம்மாவுக்குப் பின்னால் சுவரில், அலமாரியின் விளிம்பிலிருந்து கூரைவரை நீண்டிருந்த அந்த வரிசையைப் பார்த்தாள். எங்கள் வீட்டு அரங்கு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதே அடுக்களையில் உட்கார்ந்து எத்தனையோ நாள் அம்மாவோடு காய் அரிந்தவள். கையிலிருந்த வண்டைச் சுவரில், மற்றவற்றோடு, மெதுவாக விட்டாள்.

"இதுகளுக்காவது வயிறு நெறையுதே மதினி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "குடும்மா, கொஞ்சம் குடும்மா." அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் அந்த நெடி அடித்தது. எவ்வளவு நேரம் பொத்தியிருந்தாள் என்று தெரியாது. எனக்கு மூச்சு முட்டியது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "போச்சு. நாளைக்கே போய்ச் சொல்லிப் போடுவா" என்றார். அன்றிலிருந்து புறவாசலிலும் பூட்டு. அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நடுச்சுவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முதல் நாள் வள்ளி அழுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் நாளும் கேட்டது. பிறகு கேட்கவில்லை. "தூங்குது போல" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் ஒருவேளைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவோ, தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பார்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வந்தேவிட்டார்கள். குடையோடு ஒரு இன்ஸ்பெக்டர், கூடவே எங்கள் ஊர்த் தலையாரி. முன்கூடத்தில் நெல் கொட்டி வைக்கும் மண் குலுக்கையை அளவுகோல் விட்டு அளந்தார்கள். மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், நல்ல களைப்பில் இருந்தார். அடுக்களை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்பா முன்னமே சொல்லி வைத்திருந்தபடி நான் அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் பலகை இரைவது எனக்கே கேட்டது.

"அந்த அலமாரியில என்னம்மா இருக்கு?"

நான் விலகி, அலமாரிக் கதவைத் திறந்துவிட்டேன். கோதுமை மாவுத் தகரத்தின் மூடி சரியாக மூடப்படவில்லை. மாவே உயிரோடு அசைவதுபோல அசைந்துகொண்டிருந்தது. தட்டெல்லாம் வண்டு. இரண்டு அந்து பறந்து அவர் முகத்துக்கு நேராக வந்தன. அவர் பின்வாங்கினார். அப்புறம் சிரித்தார்.

"ரேஷன் மாவா? எங்க வீட்டுலயும் இதே கததான். சலிச்சுச் சலிச்சே கை ஓஞ்சு போச்சுன்னு எங்க வீட்டுக்காரி என்னையப் போட்டு ஏசுதா, என்னமோ நாந்தான் வண்டு வளக்கேங்குற மாதிரி. எடுத்து வெயில்ல போடுங்கம்மா."

"வெயிலுக்கு எங்க போறது எசமான்?" என்றார் தலையாரி. இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அப்பா அவர்களைத் தெருமுனைவரை வழியனுப்பிவிட்டு வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு அடுக்களைக்குள் காலெடுத்து வைத்தார். அவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. "தப்பிச்சோம்ட்டி. சம்பிரதாயத்துக்கு வந்தவனுக. யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. சண்முகத்தாய் வாயே தொறக்கல பாத்தியா!" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "தொறக்கல" என்றாள். "தொறந்திருந்தா இந்நேரம் அந்தப் பிள்ளைக்கு அரிசி கெடச்சிருக்கும்."

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அலமாரியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்தாள். "ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் அப்பா. அம்மா எங்களைக் கூப்பிட்டாள். "உலகு, அந்தப் பக்கம் பிடி. கோமதி, நீயும் வா" என்றாள். பட்டப்பகல் அது. நாங்கள் மூன்று பேரும் தள்ளினோம். தண்ணீர்க் கிண்ணங்கள் உடைந்தன. அப்பா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சூடு அடித்தது. அரங்குக்குள் அடுப்பு எரிந்ததுபோல. அடைபட்ட தானியம் அப்படிச் சூடாகும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பானைகளின் வாய்த்துணி முழுவதும் ஓட்டை. அம்மா ஒரு பானைக்குள் கையை விட்டுத் தூக்கியபோது மாவு தூளாக வரவில்லை. பூச்சி நூலால் பின்னிய கம்பளித்துண்டாக, ஒட்டுமொத்தமாக, தொங்கிக்கொண்டு வந்தது. சித்திரை வெயிலில் அவள் முதுகு ஒடிய இடித்த மாவு அது. மூட்டைகளில் அரிசி இருந்த இடத்தில் பாதிக்குமேல் வெறும் உமிபோன்ற கூடும் தூளும்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அம்மா ஒரு மூட்டையின் நடுவில் தோண்டித் தோண்டி, கடினமாக இருந்த அரிசியை அள்ளிச் சுளகில் போட்டாள். புடைத்தாள். தண்ணீரில் கொட்டி, மிதந்ததை வழித்து எறிந்தாள். மறுபடி தண்ணீர், மறுபடி. கடைசியில் மிஞ்சிய முழு அரிசியை ஓலைப்பெட்டியில் வடித்து எடுத்து, மேலே வாழையிலை மூடி, பூட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். இத்தனை நாளுக்குப் பிறகு காலில் ஈரமண் பட்டது.

சண்முகத்தாய் வீட்டில் பூட்டுத் தொங்கியது.

எதிர்வீட்டு வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாப்பம்மாள் எங்களைப் பார்த்து எழுந்து வந்தாள். "அவளையா தேடுதீய? அவ போயி அஞ்சாறு நாளாச்சே. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டுப் புளியறைக்கு நடந்தே கெளம்பிட்டா. அங்கன அவ அம்மை இருக்கா. மழையில போகாதட்டின்னு சொன்னேன், கேக்கல. ஒங்களுக்குத் தெரியாதா? ஒட்டுன வீடுல்லா!"

அம்மா அந்தப் பூட்டையே பார்த்தாள். வாழையிலை நழுவி விழுந்து அரிசியின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத வீட்டைத்தான் அழுகை நின்ற பிறகு அவள் அத்தனை நாளும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டியைப் பாப்பம்மாளின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். "மகராசி, நல்லாருப்ப" என்று பின்னாலிருந்து அந்த அம்மாள் வாழ்த்தியது தெருமுழுக்கக் கேட்டது.

அரங்கில் இருந்ததையெல்லாம் எருக்குழியில் கொட்டினோம். மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்காவின் கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனாரே ஆள் அனுப்பி, "காலம் இப்படி இருக்கு, நாங்க பத்துப் பதினஞ்சு பேருதான் வாரோம், உப்புமா கிண்டினாப் போதும்" என்று சொல்லிவிட்டார். அப்பா பயந்த ஏளனம் எங்கிருந்தும் வரவில்லை. பந்தியில் எல்லோரும் கோதுமை ரவையைத்தான் தின்றார்கள், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று கேட்டேன். பாதி வருஷம் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷத்துக்குள் நான் பெரியவளாகிவிட்டேன். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் அந்த வீட்டைவிட்டு வெளியே போனது கோயிலுக்கு மட்டும்தான். நாலு மாதம் என்று போட்ட பூட்டு அப்படி நீண்டுபோயிற்று. அதற்காக யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து ஓராண்டு இருக்கும். ஒருநாள் காலையில் காக்கிக் கால்சட்டையோடு சுடலைமுத்து எங்கள் வாசலில் வந்து நின்றார். பட்டாளத்திலிருந்து வந்துவிட்டதாகவும், மலையாளத்துப் பக்கம் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருப்பதாகவும், வீட்டுச் சாமான்களை எடுத்துப்போக வந்ததாகவும் சொன்னார். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் கேட்க முடியவில்லை. நான்தான் கேட்டேன்.

"வள்ளியா? நல்லாருக்கா. பள்ளிக்கூடம் போறா, வாய் ஓயாமப் பேசுதா" என்று சிரித்தார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குப் புரியவில்லை. வெயிலில் மயக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு கையைக் கூப்பினார். "மதினி, நீங்க பக்கத்துல இருக்கீயங்கிற தைரியத்துலதான் நான் அங்கன நிம்மதியாத் தூங்குனேன். ஒவ்வொரு லெட்டர்லயும் ஒங்களப் பத்தித்தான் எழுதிருந்தா. என் பொண்டாட்டி பிள்ளைய ஒங்க பிள்ளை மாதிரி பாத்தீய. அத நான் மறக்க மாட்டேன்."

அம்மா, "பிள்ளைய ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்றார். அவர் வண்டி போன பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. நான் தம்ளரோடு பக்கத்தில் நின்றேன்.

"அவ சொல்லலட்டி" என்றாள். "புருஷன்ட்டகூடச் சொல்லல."

அவர்கள் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ப் பல வருஷமாயிற்று; அக்காவும் இல்லை. அந்த வீட்டை விற்றோம், வாங்கினவர் இடித்துவிட்டு, சீசனுக்கு வருகிறவர்கள் தங்க மூன்று மாடி லாட்ஜ் கட்டிவிட்டார். தென்காசியில் இப்போது அரங்கு என்று சொன்னால் நாடகக் கொட்டகையா என்று கேட்கிறார்கள். கடையில் வாங்குகிற மாவுப் பொட்டலத்தில் பேருக்கு ஒரு பூச்சி கிடையாது. என் மருமகளுக்குச் சல்லடை பிடிக்கத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவளும் பேத்தியும் வேலைக்கும் காலேஜுக்கும் காலையில் கிளம்பிப்போன பிறகு, வீட்டுக்கதவை நான் திறந்தே வைத்திருப்பேன். திருடன் வருவான் என்று கோபித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு கல்யாணத்துக்குச் செங்கோட்டை போனபோது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புளியறையில் இறங்கினேன். செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. பரோட்டாக்கடை ஒன்றில் நின்ற இளைஞனிடம், சண்முகத்தாய் என்று ஓர் அம்மாள், வள்ளி என்று அவள் மகள், இந்த ஊர்ப் பிறப்பு, தெரியுமா என்று விசாரித்தேன்.

"எந்தச் சண்முகத்தாய் ஆச்சி? இங்கன அந்தப் பேருல பத்துப் பேரு இருக்காவ. ஏதாவது அடையாளம் சொல்லுங்க" என்றான்.

பட்டாளத்துச் சுடலைமுத்துவின் மனைவி என்றேன்; உதட்டைப் பிதுக்கினான். மிச்சம் எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், எங்களைப் பற்றி யாரிடமும் சொல்லாதவள் என்பதுதான்; அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் திரும்பிப் போகிற பஸ் வந்துவிட்டது.